பச்சை இல்லாத காடு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. கோப்பாய்ப் பக்கம் ஒரு கலியாண மண்டபம் கட்டினோம். கட்டட வேலையைப் பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான்.
2. வாசல் கூடத்தின் நீளச் சுவர் முழுவதும் ஒரு காடு வேண்டும் என்றார் மண்டபச் சொந்தக்காரர். அவர் சுவிஸில் இருப்பவர். மண்டபத்தில் நடக்கப்போகிற முதல் கலியாணம் அவருடைய மகளுடையது.
3. காட்டை ஓர் அக்கா சுவரில் படமாகக் கீறினார். பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.
4. அவரே அதிலிருந்த மானை அழித்தார்.
5. பாதையையும் அழித்தார்.
6. சுவர் இலைகளை அழித்தது.
7. சொந்தக்காரர் சுவிஸில் விமானம் ஏறினார்.

எட்டாவதைச் சொல்வதற்கு முன் அந்த அக்காவைச் சொல்லவேண்டும். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், “இது இல்லாட்டி என்ன குறையும்?” என்று கேட்பார். அவர் எதைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அதுதான்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மெதடிஸ்த குடும்பம். உரும்பிராயில் தாயுடன் இருந்தார். பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்துவிட்டு, ஆசிரிய நியமனம் வரும் வரும் என்று இருந்த காலம் அது. பள்ளிக்கூட நாடகங்களுக்குத் திரை கீறுவார். நத்தாருக்குத் தேவாலயங்களில் இயேசு பாலனின் குடில் கட்டுவார். எதைக் கீறினாலும் பின்னால் ஒரு காடு வந்துவிடும். ‘காட்டுப்படம் கீறுற அக்கா’ என்றால் வலிகாமத்தில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்குத் தெரியும்.

மண்டப வேலைக்கு வந்த புதிதில் சீனி போட்ட பால்தேத்தண்ணி குடித்தார். பிறகு பால் நின்றது. பிறகு சீனி நின்றது. ஒருநாள் மேசன் அண்ணை கேத்திலைச் சரித்துப் பிடித்தபடி கேட்டார்.

“இண்டைக்கு எதைப் பிள்ளை எடுக்கப் போறாய்?”

“தேயிலையை, அண்ணை.”

“அப்ப இது சுடுதண்ணி.”

“ஓம். நல்லாயிருக்கு. நீங்களும் குடிச்சுப் பாருங்கோவன்.”

“எனக்கென்ன காய்ச்சலே?”

அக்காவின் சைக்கிளைப் பார்த்தால் யாரோ பாதியில் கட்டுவதை நிறுத்திவிட்டுப் போனதுபோல் இருக்கும். கரியர் இல்லை, மட்காட் இல்லை, செயின் மூடி இல்லை. மணியும் இல்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒரு பின்னேரம், சனத்துக்குள் அவரும் நானும் சைக்கிளை மெல்ல ஓட்டிக்கொண்டு போனோம். நான் மணி அடித்தேன். அவர் வாயால் “கிணிங், கிணிங்” என்றார். பூக்கூடையோடு போன ஓர் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏன் பிள்ளை, ஒரு மணி வாங்க வழியில்லையே?”

“இருந்ததம்மா. கழட்டிப்போட்டன். தேவைப்படேல்லை.”

“இப்ப தேவைப்பட்டதுதானே?”

“அதுக்குத்தானேயம்மா வாய்.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. வழிவிட்டார்.

குருநகரில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் குடில் கட்டியபோது நானும் பார்க்கப் போனேன். அக்கா மூன்று ஆடுகளில் இரண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். மூன்றாவதையும் எடுத்தார். மாட்டின் கழுத்தில் கை வைத்தபோதுதான் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்திருந்த ஒரு மீனவப் பெண் குறுக்கே வந்தார்.

“மாட்டிலை கை வையாதை. உன்னை விட்டால் கடைசியிலை பாலனையும் எடுத்துப்போடுவாய்.”

“இல்லையக்கா. அவரை மட்டும் விடுறதுக்குத்தான் மற்றதையெல்லாம் எடுக்கிறன்.”

அந்தப் பெண் பெட்டிக்குள் கிடந்த ஆடுகளை எட்டிப் பார்த்தார். “எண்டாலும் மாடு நிக்கட்டும்,” என்றார். மாடு நின்றது.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். எப்போதும் அப்படியில்லை. ஒருமுறை அக்காவின் வீட்டுக்குப் போனபோது தாயார் என்னை உள்ளே கூப்பிட்டு மகளின் அறையைக் காட்டினார். ஒரு கட்டில், ஒரு யன்னல். அலுமாரி இல்லை, கதிரை இல்லை. சுவரில் ஆணி அடித்த துவாரங்களைக்கூடச் சாந்து பூசி மூடியிருந்தார்.

“ஒரு சம்பந்தம் பேசிவந்த ஆளிட்டையும் உந்தக் கேள்வியைத்தான் கேட்டவள். ‘கலியாணம் இல்லாட்டி என்ன குறையும்?’ எண்டு. அந்த மனுசன் தேத்தண்ணியை அரைவாசியிலை வைச்சிட்டு எழும்பிப் போட்டுது. குறைச்சுக் குறைச்சு ஒருநாள் என்னையும் குறைச்சுப்போடுவாளோ எண்டு பயமாக் கிடக்கு, பிள்ளை.”

அக்கா குசினியிலிருந்து, “உங்களைக் குறைச்சால் ஆர் சமைக்கிறது?” என்றார். தாயார் சிரித்தார். எனக்கு அந்த அறை பிறகும் சில நாள் கண்ணுக்குள் நின்றது.

சரி, சுவருக்கு வருகிறேன்.

முதற்காடு அப்படி ஒரு காடு! பாலை, வீரை, முதிரை எல்லாம் வன்னிக் காட்டின் மரங்கள். குடாநாட்டிலேயே வளர்ந்த எனக்குப் பனையும் வேம்பும்தான் பழக்கம். மரத்தின் பட்டையில் வெடிப்புத் தெரிந்தது. இலைகளுக்கு நரம்பு இருந்தது. ஓர் அடிமரத்தில் ஊர்ந்த முசுறு எறும்பைத் தட்டிவிடப் போன வயரிங்காரருக்குச் சுவரில் நகம் இடிபட்டது. நான் அதைப் படமெடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதைச் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற இனசனம் எல்லோருக்கும் அனுப்பினார்.

“அக்கா, உங்களுக்கு ஏன் இந்தச் சுவரிலை இவ்வளவு பிரியம்?” என்று அப்போது கேட்டேன். சாரத்தின் மேலே நின்றபடியே பதில் சொன்னார்.

“குடிலை மூவிராசாக்கள் திருநாளோடை பிரிச்சுப்போடுவினம். நாடகத் திரையை மற்றப் பக்கம் திருப்பி அடுத்த வருசம் அரண்மனை கீறச் சொல்லுவினம். என்ரை ஒரு காடு இப்ப எங்கடை மாட்டுக்கொட்டிலுக்கு மறைப்பு. மாடு ஒவ்வொருநாளும் பாக்குது, ஒண்டும் சொல்லுதில்லை. இது சுவர். இதை மடிச்சு வைக்கேலாது. என்ரை ஒண்டாவது நிக்கட்டும்.”

“நீங்களே எல்லாத்தையும் எடுத்துப்போடுற ஆள்.”

“நான் எடுக்கிறது வேறை. அவை எடுக்கிறது வேறை.”

மான் போனது படப்பிடிப்பாளரால். வெளிச்சம் பார்க்க வந்தவர், மேசன் அண்ணையைச் சுவருக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தி ஒரு படம் எடுத்தார். கமராவில் பார்த்தால் மேசன் அண்ணையின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் அழகான கொம்பு!

“தம்பி, உந்தப் படத்தை என்ரை மனுசிக்கு அனுப்பிப்போடாதை. ஏற்கெனவே மாடெண்டுதான் கூப்பிடுறவள்.”

மானைக் கொஞ்சம் தள்ளிக் கீறினால் போதும் என்றார் படப்பிடிப்பாளர். அக்கா தள்ளவில்லை. மானை முழுதாக எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் நிழலைப் பூசினார். பிறகு கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

“பாத்தீரே, தங்கச்சி? இப்பதான் காடு தொடங்குது.”

பாதை போனது வேறு விதம். காட்டினூடே வளைந்து வந்த ஒற்றையடிப்பாதை, சுவர் முடிகிற இடத்திலிருந்த கழிப்பறைக் கதவில் போய் முட்டியது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. “கலியாணத்துக்கு வாற சனத்தை நேராக் கக்கூசுக்கு அனுப்புறன், என்ன?” என்று அவரே கண்டுபிடித்துச் சிரித்துச் சிரித்துப் பாதையை மூடினார்.

இலைகள் போனது மணலால். கடற்கரைப் பக்கத்து மணலை ஒரு மாரி முழுக்க மழையில் கிடக்கவிட்டு, உப்புக் கழுவுப்பட்ட பிறகே பூச்சுக்கு எடுப்பது இங்குள்ள வழக்கம். மகளின் கலியாண நாள் நெருங்குகிறதென்று சொந்தக்காரர் அந்த மாரிக்குப் பொறுத்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். மணல் வந்து இறங்கிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அடிமரங்கள் எல்லாவற்றிலும் கொப்புளம். விரலால் தொட்டால் இலை இலையாகப் பெயின்ற் கழன்று வந்தது. உள்ளே வெள்ளைத் தூள். மேசன் அண்ணை தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு. ஒரு பானைக் கூழுக்குக் காணும்.”

நான் அக்காவை இருத்திச் சொன்னேன். ஒன்று, சுவருக்குள் இருக்கிற உப்பு ஈரத்தோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். இரண்டு, இமல்சன் போன்ற மூடுகிற பெயின்ற் எதை அடித்தாலும் உப்பு அதைத் தள்ளிக் கழற்றும். மூன்று, மூச்சு விடுகிற பூச்சு ஒன்றுதான் நிற்கும். சுண்ணாம்பில் நிறத்தூளைக் கரைத்து மெல்லிசாகப் பூசலாம். பூக்கிற உப்பைக் காய்ந்த தும்புக்கட்டையால் கூட்டித் தட்டிவிடலாம்.

“சுண்ணாம்பிலை இலை கீறேலுமோ?”

“நரம்பு நரம்பாக் கீறேலாது. ஓடும்.”

“அப்ப இருக்கிற காடு?”

“முழுக்கச் சுரண்டவேணும், அக்கா.”

அவர் காட்டைப் பார்த்தபடி இருந்தார். நிற்கும் என்று நம்பிய ஒன்று. அழப்போகிறார் என்று நினைத்து நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டேன். அவர் எழும்பிப் போய்ச் சுரண்டியை எடுத்தார். மிக வடிவாகக் கீறியிருந்த இடத்தில்தான் முதலில் வைத்தார், முசுறு ஊர்ந்த மரத்தில்.

“சுவர் என்னை முந்திட்டுது,” என்றார். குரலில் கவலை இல்லை. போட்டிக்கு வெளிக்கிடுகிறவரின் குரல்.

நான் சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்துச் சுண்ணாம்பு விசயத்தைச் சொன்னேன். “எதையாவது அடியுங்கோ, பிள்ளை. காடு காடா இருந்தால் சரி,” என்றார் சொந்தக்காரர்.

அதற்குப் பிறகு வந்தவை விடிவதற்காகவே காத்திருந்த நாட்கள். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். பின்னேரம் பூசுவதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேறு மாதிரி இருக்கும். விடிந்தால்தான் தெரியும். நான் வேலைக்கு நேரத்தோடு போகத் தொடங்கினேன். ஹெல்மெற்றைக் கழற்றாமலே கூடத்துக்குள் ஓடுவேன். அக்கா எனக்கு முதல் வந்து நிற்பார். மேசன் அண்ணை எங்கள் இருவருக்கும் முதல் வந்து, “நான் பாத்திட்டன், சொல்லமாட்டன்,” என்று சுவரை மறைத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு காலை, மரங்கள் வெறும் கோடாகியிருந்தன. கரியில் மேலிருந்து கீழே இறங்கிய கோடுகள், சில தடித்து, சில பாதியில் கரைந்து. இன்னொரு காலை கோடுகளுக்கு நடுவே மஞ்சட்காவி வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கூசியது. பொய்யில்லை, கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

பச்சைதான் பிரச்சினை. கடையில் வாங்கிய பச்சைத்தூள் சுண்ணாம்பில் செத்து வெளிறிப்போனது. மஞ்சட்காவியையும் சலவை நீலத்தையும் கலந்தால் ஒரு பச்சை வரும், அது சுண்ணாம்பிலும் நிற்கும் என்று நான் ஒரு வாளியில் கலந்து காட்டினேன். நல்ல பச்சை. எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா அதில் தூரிகையைத் தோய்த்தார். சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனார். நின்றார்.

“இது இல்லாட்டி என்ன குறையும்?”

“அக்கா, காடு! பச்சை இல்லாட்டி அது காடில்லை.”

“வன்னியிலை சின்னனிலை காட்டுக்கரையிலை இருந்தனாங்கள். உள்ளுக்குப் போய் நிண்டு பாத்தனீரே? மரம் தெரியாது. பச்சையும் தெரியாது. ஒரு வெளிச்சம் அசையும், அதுக்குக் குறுக்காலை ஏதோ கறுப்பு நிக்கும், அவ்வளவுதான். மரமும் இலையும் வெளியிலை நிண்டு பாக்கிறவைக்கு.”

தூரிகையைக் கழுவினார். எனது பச்சை அந்த வாளியிலேயே கட்டியாகிப்போனது. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஏனென்றால் சுவரைப் பார்த்தேன். நான் உள்ளே நின்றேன்.

இப்போது எட்டாவது.

சொந்தக்காரர் வந்தார். மகளோடும், நாலைந்து உறவினரோடும், படப்பிடிப்பாளரோடும் வந்தார். கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் நின்றார்.

“காடெங்கை?”

“இதுதான், அங்கிள்,” என்றேன்.

“பிள்ளை, நான் சுவிஸிலை காட்டுப்பக்கம் வீடெடுத்து இருக்கிற மனுசன். காட்டிலை மரம் இருக்கும்.” சுவருக்குக் கிட்டப் போனார். “மரம் எங்கை? மான் எங்கை? இதென்ன, மழை வழிஞ்ச மாதிரி? ஒண்டுமில்லாத சுவருக்கு முன்னாலை என்ரை பிள்ளையை நிப்பாட்டுறதே? சனம் என்ன கதைக்கும்?”

“எனக்குப் பிடிச்சிருக்கப்பா,” என்றார் மகள்.

“உனக்குக் கலியாணமே பிடிச்சிருக்கு. நீ எல்லாத்தையும் பிடிச்சிருக்கெண்டுதான் சொல்லுவாய்.”

உறவினர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெளிச்சுவர்களுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கிறீம் நிற இமல்சன் வாளியைக் காட்டி, “அண்ணை, உந்த வாளியைத் திறவுங்கோ. இண்டைக்கே அடியுங்கோ,” என்றார் மேசன் அண்ணையிடம்.

என்னிடம் ஒரு பலமான காரணம் இருந்தது.

“அங்கிள், இமல்சன் இந்தச் சுவரிலை நிக்காது. மாரி ஈரம் ஏறினால் கழண்டு விழும்.”

“விழட்டும், பிள்ளை. கலியாணத்துக்கு நிண்டால் காணும்.”

என் காரணம் முடிந்தது. மேசன் அண்ணை வாளியின் மூடிக்குள் உளியை வைத்துவிட்டு, நெம்பாமல் அக்காவைப் பார்த்தார்.

அக்கா சுவருக்கு முன்னால் போய் நின்றார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றும் கெஞ்சவில்லை. ஆனால் கைவிரல்கள் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தன.

“ஐயா, இதிலை என்ன இருந்தால் மூடாமல் விடுவியள்?”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். இருப்பதில் எதை எடுக்கலாம் என்று மட்டும் கேட்கிறவர், என்ன சேர்க்கலாம் என்று கேட்டார்.

சொந்தக்காரர் யோசித்தார். “மயில். ரெண்டு. பொம்பிளை மாப்பிளைக்கு ரெண்டு பக்கமும். தோகை விரிச்ச மயில்.”

“சரி.”

“வடிவா இருக்கவேணும்.”

“வடிவா இருக்கும்.” பிறகு என்னிடம், எல்லோருக்கும் கேட்கும்படி: “தங்கச்சி, மயிலைச் சுண்ணாம்பிலை கீறேலாது, ஓடும். இமல்சனிலைதான் கீறவேணும். இமல்சன் இதிலை நிக்குமோ?”

எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, “இல்லை, அக்கா. மாரியோடை விழும்,” என்றேன்.

“ஐயா, கேட்டியளே? விழுந்தால் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. திருப்பிக் கீறவும் மாட்டன்.”

சொந்தக்காரர் வாயைத் திறந்தார். ஒரு நிமிடத்துக்கு முன் தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மகள்தான் முந்தினார்.

“கலியாணத்துக்கு நிண்டால் காணுமெண்டு நீங்கள்தானேயப்பா சொன்னனீங்கள்!”

மேசன் அண்ணை சிரித்த சிரிப்பில் உளி கீழே விழுந்தது. சொந்தக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார். “சரி, சரி. மயில் வடிவா இருந்தால் சரி.”

மயில்கள் வடிவாகவே இருந்தன. ஏனோதானோ என்று கீறியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தோகைக் கண்ணையும் கீறினார். கழுத்தின் நீலம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. கேத்திலோடு வந்த மேசன் அண்ணையிடம் சீனி போட்ட பால்தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். நான் பக்கத்தில் போய், “விழப்போகிறதுக்கு ஏனக்கா இவ்வளவு?” என்றேன்.

“அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஒருக்காத்தானே நடக்கும்,” என்றார்.

கலியாணம் நன்றாக நடந்தது. படங்களில் மயில்களைவிட முகங்கள்தான் எடுப்பாகத் தெரிந்தன. பின்னால் கண்ணைப் பறிக்க வேறொன்றும் இல்லாததால்தான் என்றார் படப்பிடிப்பாளர்.

அந்த மாரி தொடங்குவதற்குள் அக்காவுக்கு நியமனம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கம், காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். தாயாரையும் கூட்டிக்கொண்டு போனார். சாமான்கள் ஒரு முச்சக்கர வண்டிக்குள் அடங்கின. அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. கார்த்திகையில் இடப்பக்க மயில் செதில் செதிலாக உதிர்ந்தது. மண்டபத்தைக் கூட்டுகிற அம்மா அந்த நீலத் துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒரு தகரப் பேணிக்குள் போட்டு வைத்தார். மயில் நின்ற இடத்தில் கரிக்கோடும் மஞ்சள் வெளிச்சமும் அப்படியே இருந்தன. படமெடுத்து அனுப்பினேன். அக்காவிடமிருந்து ஒரு சொல் வந்தது.

“மற்றது?”

இப்போதைய நிலைமை இது. வலப்பக்க மயிலில் கழுத்தும் கொண்டையும் மிஞ்சியிருக்கின்றன. தோகை இல்லை. சுவரில் மாபிள் கல் ஒட்டலாமா என்று சொந்தக்காரர் சுவிஸிலிருந்து கேட்டிருக்கிறார். உப்பு அடங்கும்வரை எதை ஒட்டினாலும் விழும் என்று பதில் எழுதினேன். அது உண்மை. எப்போது அடங்கும் என்று எனக்குத் தெரியாது, அதுவும் உண்மை. மண்டபத்தில் கலியாணங்கள் நடக்கின்றன. சுவரை இன்றுவரை யாரும் மூடவில்லை.